தராசில்லா நிறுவை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற ஆண்டு இதே மண்டபத்திலே விண்மீன்களைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசினோம். பேச்சு முடிந்து, கடலையும் தேநீரும் வழங்கப்பட்டுக்கொண்டிருந்தபோது பெரியவர் ஒருவர் எம்மை அருகே அழைத்தார். பல்லாண்டு காலம் தோட்டத்திலே கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். “தம்பி, ஆயிரங்கோடி சூரியன் கனம் என்று சொன்னாயே, அதை நிறுத்தது யார்? தராசு எங்கே தொங்குகிறது?” என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நாமும் சிரித்தோம். அவர் மட்டும் சிரிக்கவில்லை. நிறுவையைப் பற்றிக் கேட்பதற்கு அவரைவிட உரிமையுடையவர் யார்? அன்று எமக்கு நேரான விடை கூற இயலவில்லை. “புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, ஐயா” என்று சொல்லித் தப்பித்துக்கொண்டோம். மிஷன் பாடசாலையிலே எமக்குப் பௌதிகம் கற்பித்த ஆசிரியர் அந்த விடையைக் கேட்டிருந்தால், எம்மை வாங்கின்மீது ஏற்றி நிறுத்தியிருப்பார். அந்தக் கடனைத் தீர்க்கவே இன்று உங்கள் முன் நிற்கிறோம். ஐயா அவர்களும் வந்திருக்கிறார்கள் என்பதில் எமக்கு மகிழ்ச்சியும் உண்டு, சற்று நடுக்கமும் உண்டு.

கொழுந்து மடுவத்தை அறியாதவர் இம்மண்டபத்தில் இல்லை. காலையிலிருந்து மழையிலும் பனியிலும் கிள்ளிய கொழுந்தைக் கொண்டுவந்து பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். தராசிலே தொங்கவிட்டதும் ஓர் எண் தெரிகிறது. ஆனால் துண்டிலே எழுதப்படுவது அந்த எண் அன்று. சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு, முற்றிய இலைக்கு இவ்வளவு என்று கழித்த பிறகே எழுதப்படுகிறது. எமது அன்னையார் கிள்ளிய கொழுந்திலேதான் எமது பாடசாலைக் கட்டணமும் சப்பாத்தும் வந்தன. பெயர் சொல்ல வேண்டாத ஒரு தோட்டத்திலே, மழையில்லாத ஒரு மாசி மாதத்திலே, ஈரத்துக்கென்று கழித்தார்கள். “சுமந்து வந்த கனம் என் முதுகுக்குத் தெரியும்” என்று அன்றிரவு அடுப்பருகே இருந்து அவர் சொன்னது எமக்கு இன்னும் நினைவிருக்கிறது. தராசு பொய் சொல்லவில்லை. கழிவிலேதான் பிழை இருந்தது. இதை மனத்திலே வைத்துக்கொள்ளுங்கள். வானத்திலும் இதே வழக்குத்தான் நடந்துகொண்டிருக்கிறது.

முதலில் ஐயாவின் கேள்விக்கு நேரான விடை. தராசு என்பது ஈர்ப்பு. பூமி சூரியனைச் சுற்றி வருகிறது. எவ்வளவு தொலைவில், எவ்வளவு வேகத்தில் என்பது நமக்குத் தெரியும். அந்தத் தொலைவில் அந்த வேகத்தில் ஓடும் பூமியைப் பிடித்துவைக்கச் சூரியனுக்கு எவ்வளவு திணிவு வேண்டுமென்று கணக்கிட்டால், ஏறத்தாழ 3,33,000 பூமிகள் என்று விடை வருகிறது. அவ்வாறே வானத்தில் இரண்டு இரண்டாக ஒன்றையொன்று சுற்றிவரும் விண்மீன்கள் ஏராளம். அவற்றின் சுற்றைப் பார்த்து அவற்றையும் நிறுத்துவிட்டார்கள். அப்படி நிறுத்தபோது ஒரு முக்கியமான உண்மை வெளிப்பட்டது. விண்மீனின் திணிவு சிறிது கூடினால் அதன் ஒளி மிகப் பெரிதாகக் கூடுகிறது. சூரியனைப்போற் பத்து மடங்கு கனமுள்ள விண்மீன், பத்து மடங்கன்று, ஆயிரக்கணக்கான மடங்கு ஒளி வீசுகிறது. அதனால் அதன் எரிபொருளும் விரைவில் தீர்ந்துபோகிறது. சூரியன் 1,000 கோடி ஆண்டு வாழக்கூடியது. அந்தப் பெரு விண்மீனோ இரண்டு மூன்று கோடி ஆண்டுகளில் வெடித்து முடிகிறது. ஊதாரியின் வாழ்வு என்று சொல்லலாம்.

இனி விண்மீன் மண்டலத்துக்கு வருவோம். மழைக்காலம் ஓய்ந்து, மூடுபனி பள்ளத்தாக்கிலே படிந்துவிட்ட இரவொன்றில் மேல்மலைக்கு ஏறிப் பார்த்தால், வானத்தின் குறுக்கே வெண்மையாக ஒரு புகைத்தடம் ஓடுவதைக் காண்கிறோம். நம் முன்னோர் அதனை ஆகாயகங்கை என்றார்கள். அது புகையன்று. பல ஆயிரங்கோடி விண்மீன்கள் தட்டையான ஒரு வட்டிலாகச் சேர்ந்து சுழலும் கூட்டத்தை, அதன் உள்ளே இருந்துகொண்டு பக்கவாட்டில் பார்க்கிறோம், அவ்வளவே. இதுபோன்ற மண்டலங்கள் கணக்கிலடங்கா. ஒவ்வொன்றிலும் ஐதரசன் வாயு மேகமாகத் திரண்டு, குளிர்ந்து, தன் கனத்தாலேயே தன்னுள் விழுந்து, நடுவே சூடேறி விண்மீனாகப் பற்றிக்கொள்கிறது. பிறப்பைக் கண்ணாலே காண விரும்புவோர் மார்கழி இரவிலே மிருகசீரிடத்துக்கு அருகே, மூன்று விண்மீன்கள் வரிசையாக நிற்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே பார்க்கட்டும். மங்கலாகப் பஞ்சு போன்று தெரிவது சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவிலுள்ள மேகம். அதனுள்ளே இன்றும் விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. ஆனால் நமது ஆகாயகங்கை முழுவதையும் சேர்த்துப் பார்த்தாலும், ஆண்டொன்றுக்குச் சூரியன் அளவுள்ள ஒன்று அல்லது இரண்டு விண்மீன்களுக்கு வேண்டிய வாயுவே விண்மீனாக மாறுகிறது. முதியவர் வீடு இது; பிள்ளைப்பேறு குறைவு.

இளமையில் எப்படி இருந்தது? இதை அறிய ஒரு வழி உண்டு. எதிர்மலைக் கோயிலிலே தப்படிப்பவரை இம்மலையிலிருந்து பார்த்திருக்கிறீர்கள். குச்சி தோலில் விழுவது முதலிலே தெரியும். ஓசை பிறகே வந்து சேரும். நாம் கேட்பது இப்போதைய அடியை அன்று, முந்திய அடியை. ஒளியும் அப்படியே. மிக வேகமாகச் செல்வதுதான். ஆயினும் வானத்தின் தொலைவு அதைவிடப் பெரிது. ஒரு மண்டலத்தின் ஒளி 1,200 கோடி ஆண்டு பயணம் செய்து நம்மை அடைகிறதென்றால், நாம் காண்பது 1,200 கோடி ஆண்டுக்கு முந்திய அதன் முகம். பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டு. ஆகவே தொலைவாகப் பார்க்கப் பார்க்கப் பிரபஞ்சத்தின் பிள்ளைப் பருவத்தைப் பார்க்கிறோம்.

அன்றிருந்த வானமும் இன்றிருக்கும் வானமும் வேறு வேறா என்பதே ஒரு காலத்திற் பெரும் வாதமாக இருந்தது. இங்கிலாந்திலே பிரெட் ஹொய்ல் போன்ற பேரறிஞர்கள், பிரபஞ்சம் என்றும் ஒரே தன்மையாகவே இருக்கிறது என்று வாதாடினார்கள். புனே நகரிலே வானியல் ஆய்வு மையத்தை நிறுவி 2025இல் மறைந்த ஜயந்த் நார்லிகரும் ஹொய்லுடன் சேர்ந்து உழைத்தவர். இந்த வழக்கிலே சாட்சி சொன்ன ஒரு கருவி நம் உறவினர் வாழும் ஊரில் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் நம்மவர் ஆயிரமாயிரமாய்க் கப்பலேறினார்களே, அவர்களிற் பலர் நீலகிரித் தேயிலை மலைகளிலே குடியேறினார்கள். இங்கே அமர்ந்திருக்கும் எத்தனையோ பேருக்குக் கோத்தகிரியிலும் கூடலூரிலும் பெரியப்பா பிள்ளைகளும் அத்தை பிள்ளைகளும் உண்டு. அந்த நீலகிரியிலே உதகமண்டலத்துக்கு அருகே முத்தோரை என்னும் இடத்தில், கோவிந்த் சுவரூப் என்னும் அறிஞரின் தலைமையில் 1970இல் ஒரு வானொலித் தொலைகாட்டி எழுந்தது. நீளம் 530 மீற்றர், அகலம் 30 மீற்றர். அதற்கு மலைச்சரிவைத் தேடியலைந்தார்கள் என்பதுதான் நமக்குச் சுவையான செய்தி. உதகை இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11 பாகை; தொலைகாட்டியும் வடக்குத் தெற்காக 11 பாகை சரிந்த ஒரு மலையிலே கிடக்கிறது. ஆகையால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. அந்த ஒரே அச்சிலே மெல்லச் சுழற்றினாற் போதும். வானத்துப் பொருளைக் கிழக்கிலிருந்து மேற்கு வரை மணிக்கணக்காகப் பின்தொடரலாம். சரிவு என்றால் மண்சரிவையும் முட்டிவலியையுமே நினைக்கும் நமக்கு, சரிவினால் இப்படியும் ஓர் ஆதாயம் உண்டென்பது புதுமையல்லவா?

சந்திரன் ஒரு பொருளை மறைக்கும் கணத்தை அந்தக் கருவியாற் பிடித்து, தொலைவிலுள்ள வானொலி மண்டலங்களின் அளவை அளந்தார்கள். 1975இல் சுவரூப் அவர்களும் விஜய் கபாஹி அவர்களும் வெளியிட்ட முடிபுகள், முற்கால மண்டலங்கள் இக்கால மண்டலங்களைப் போன்றன அல்ல, வானமும் வளர்ந்து மாறி வந்திருக்கிறது என்ற பக்கத்துக்கு வலுச் சேர்த்தன.

சரி, மாறியது என்று கண்டோம். எவ்வளவு மாறியது? இங்கேதான் நிறுவை வருகிறது. தொலைவிலுள்ள மண்டலத்தின் விண்மீன்களை ஒவ்வொன்றாகப் பார்க்க முடியாது. கறைபோல் ஒரு துளி ஒளி மட்டுமே கிடைக்கிறது. அந்த ஒளியைக் கொண்டு அதிலுள்ள விண்மீன்களின் மொத்தத் திணிவைச் சொல்லவேண்டும்.

இரவிலே எதிர்மலையிலிருந்து ஒரு தோட்டத்தைப் பாருங்கள். கண்ணைப் பறிப்பது எது? துரை பங்களாவின் விளக்குகள். தொழிற்சாலையின் பெரிய விளக்குகள். சற்றுக் கீழே லயங்களிலே காம்பராவுக்கு ஒன்றாக மங்கிய விளக்கு. அதுவும் சில வீடுகளில் எட்டு மணிக்கே அணைந்துவிடும். வெளியூர்க்காரர் ஒருவர் அந்த வெளிச்சத்தை மட்டும் வைத்து, இத்தோட்டத்திலே ஆட்கள் எங்கே அதிகம் என்று கணக்கெடுத்தால் என்ன எழுதுவார்? பங்களாவிலே ஐந்நூறு பேர், லயத்திலே பத்துப் பேர் என்றுதான் எழுதுவார்! உண்மை நமக்குத் தெரியும். விண்மீன் மண்டலமும் அப்படியே. ஒளியிற் பெரும்பங்கு சில நாள் வாழும் நீலநிறப் பெரு விண்மீன்களிலிருந்து வருகிறது. கனத்திற் பெரும்பங்கோ மங்கிய சிவந்த சிறு விண்மீன்களிடம் இருக்கிறது. எட்வின் சல்பீட்டர் என்பவர் 1955இல், பெரியது இத்தனை பிறந்தால் சிறியது எத்தனை பிறக்கும் என்ற விகிதத்தைக் கணித்துத் தந்தார். பிற்காலத்தார் அதைத் திருத்தியிருக்கிறார்கள். ஆயினும் பங்களா வெளிச்சத்திலிருந்து லயத்துத் தலைகளை எண்ணும் வித்தைக்கு அதுவே முதற்படி.

இத்துடன் முடிந்ததா? இல்லை. ஒளியின் நிறத்தைப் பார்த்து வயதைச் சொல்கிறார்கள். இளைய கூட்டம் நீலம், முதிய கூட்டம் சிவப்பு. ஆனால் மாலை நேரத்து அடுப்புப் புகையினூடே பார்த்தால் வெள்ளை விளக்கும் சிவந்தே தெரிகிறது. மண்டலங்களிலும் தூசி உண்டு. ஆகவே சிவப்பு என்பது முதுமையா, தூசியா? முதுமை என்று கொண்டால் திணிவு ஒன்று. தூசி என்று கொண்டால் திணிவு வேறு. மேலும் பிரபஞ்சம் விரிவதால், வரும் வழியிலேயே ஒளியலை நீண்டு சிவந்துபோகிறது. மிகத் தொலைவிலிருந்து வரும் ஒளி சிவப்பையும் தாண்டி, கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிராகவே நம்மை அடைகிறது. அதைப் பிடிப்பதற்கென்றே 2021ஆம் ஆண்டு டிசெம்பர் 25ஆம் நாள் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைகாட்டியை ஏவினார்கள். ஆறரை மீற்றர் அகலக் கண்ணாடி. பொன் பூசிய 18 அறுகோணத் துண்டுகளால் ஆனது. பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவிலே குளிர்ந்த இருளில் நிற்கிறது.

அது பார்க்கத் தொடங்கிய சில மாதங்களிலேயே கலகம் மூண்டது. 2023 பெப்ரவரியிலே ‘நேச்சர்’ சஞ்சிகையில் ஒரு கட்டுரை வந்தது. பிரபஞ்சம் பிறந்து 50 முதல் 70 கோடி ஆண்டுக்குள்ளேயே ஆறு மண்டலங்கள் மிகப் பெருத்திருக்கின்றன, அவற்றுள் ஒன்றின் விண்மீன் திணிவு 10,000 கோடி சூரியன்களை எட்டக்கூடும் என்றார்கள். அதாவது தொட்டிலிலே கிடக்கவேண்டிய பிள்ளை, மீசை முளைத்து வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது! அக்காலத்திலே அங்கே திரண்டிருக்கக்கூடிய வாயு முழுவதையும் கிட்டத்தட்ட மிச்சமில்லாமல் விண்மீனாக்கினால் ஒழிய அவ்வளவு திணிவு வராது. வழமையிலோ வாயுவில் ஒரு சிறு பங்குதான் விண்மீனாகும். மிகுதியை விண்மீன்களின் வெடிப்புக்களே வெளியே ஊதிவிடும். பெருவெடிப்புக் கொள்கையே விழுந்தது என்றுகூடச் சிலர் எழுதினார்கள். அவசரக்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

பொறுமையுள்ளவர்களோ தராசைக் குறை கூறாமல், கழிவுகளைப் பார்த்தார்கள். அந்த ஒளி முழுவதும் விண்மீன்களுடையதுதானா? மண்டலத்தின் நடுவிலே பெருங்கருந்துளை ஒன்று வாயுவை விழுங்கிக்கொண்டிருந்தால், விழும் வாயு சூடேறி ஒளிவீசும். அது லயத்து விளக்குமன்று, பங்களா விளக்குமன்று. ஆளே இல்லாத இடத்தில் எரியும் தீ. அதையும் ஆட்கணக்கிலே சேர்த்துவிட்டால் நிறுவை பிழைக்கும். 2024இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்துக் கதரின் சொரோவ்ஸ்கியும் குழுவினரும் அவ்விதச் சந்தேகத்துக்குரிய மண்டலங்களை நீக்கிவிட்டு மறுபடி கணக்கெடுத்தார்கள். மிகப் பெருத்தவை என்று கருதியவை பல மெலிந்துபோயின, கொள்கையும் பிழைத்துக்கொண்டது. ஆனால் முழுக்க அன்று. எதிர்பார்த்ததைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு பெருமண்டலங்கள் இன்னமும் எஞ்சி நின்றன. ஆகவே முற்காலத்திலே வாயு இன்றைவிட வேகமாக விண்மீனாக மாறியிருக்கவேண்டும் என்ற கருத்து வலுத்தது. நாம் இதிலே மிகவும் மதிப்பது ஒன்று. கழித்தவர்கள், தமக்கு வேண்டிய விடை வரும்வரை கழித்துக்கொண்டே போகவில்லை. எஞ்சியதை எஞ்சியது என்றே எழுதினார்கள்.

கருந்துளை பற்றிச் சொன்னோம். அதிலே தமிழருக்கு ஒரு பங்குண்டு. கோயம்புத்தூரிலே பிறந்து, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலே பேராசிரியராயிருக்கும் பிரியம்வதா நடராஜன் அம்மையார், ஆதி காலத்திலே சில கருந்துளைகள் விண்மீனின் வழியாக அன்றி, பெரும் வாயுத்திரள் நேரே இடிந்து விழுவதால் உண்டாகியிருக்கலாம் என்று பல ஆண்டுகளாக வாதித்து வந்தார். அப்படியானால் அம்மண்டலத்தின் கருந்துளை, அதன் விண்மீன்கள் எல்லாவற்றின் கனத்துக்கும் ஈடாக இருக்கும் என்று 2017இல் அவரும் கூட்டாளிகளும் முன்கூட்டியே எழுதினார்கள். 2023இல் யுஎச்இசட்-1 என்ற மண்டலத்தில் அத்தகைய ஒன்று தென்பட்டது. காட்டிக்கொடுத்த கருவிகளுள் ஒன்று, சென்னை மாநிலக் கல்லூரியிலே பயின்று 1983இல் நோபல் பரிசு பெற்ற சந்திரசேகரின் பெயரால் ‘சந்திரா’ என வழங்கும் எக்ஸ் கதிர்த் தொலைகாட்டி. 1999 முதல் விண்ணிலே இருக்கிறது. நமது ஆகாயகங்கையின் கருந்துளையோ அதன் விண்மீன்களோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் மிகக் குறைவு. அதனாலேதான் முற்காலத்து மண்டலத்தை நிறுப்பவர் முதலில் நடுவிலே என்ன எரிகிறது என்று கேட்கவேண்டியிருக்கிறது.

யுஎச்இசட்-1 தெரிந்த அதே திசையிலே இன்னுமொன்று தெரிந்தது. அதைச் சொல்வதற்காகவே இவ்வளவு நேரம் உங்கள் பொறுமையைச் சோதித்தோம். ஏபெல் 2744 என்று ஒரு பெருங்கூட்டம். மண்டலங்கள் பல நெருங்கி வாழும் ஊர் எனலாம். அதன் கனத்தினால் அதற்குப் பின்னாலிருந்து வரும் ஒளி வளைகிறது. பெரியோர்களின் மூக்குக்கண்ணாடி எழுத்தைப் பெரிதாக்குவதுபோல், பின்னாலுள்ளவற்றைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. புனே நகரிலுள்ள தேசிய வானொலி வானியற்பௌதிக மையத்தைச் சேர்ந்த ராஷி ஜெயின் என்னும் ஆராய்ச்சி மாணவியும் அவருடைய பேராசிரியர் யோகேஷ் வாடதேக்கரும், வெப் தொலைகாட்டி அத்திசையில் எடுத்த படங்களைத் துருவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இரண்டு கரங்களும் செவ்வையாகச் சுற்றிய ஓர் அழகிய சுருள் மண்டலத்தைக் கண்டார்கள். ‘வானியலும் வானியற்பௌதிகமும்’ என்ற ஐரோப்பிய சஞ்சிகையிலே 2025 நவம்பரில் வெளியிட்டார்கள். பிரபஞ்சத்துக்கு வயது 150 கோடி ஆண்டாக இருந்தபோது புறப்பட்ட ஒளி அது. அந்தப் பருவத்து மண்டலங்கள் கலங்கிய குட்டைபோல் உருக்குலைந்திருக்கும் என்றே பலரும் நினைத்திருந்தார்கள். சுருள் கரங்கள் அமைய வட்டில் அடங்கி ஒழுங்காகச் சுழலவேண்டும். அதற்குக் காலம் வேண்டும். இதுவோ 30,000 ஒளியாண்டு அகலத்துக்குப் பரந்து, கரங்களின் நெடுகிலும் நூலிற் கோத்த மணிகள்போல் விண்மீன் பிறக்கும் இடங்களைத் தாங்கி நிற்கிறது.

அதற்கு அவர்கள் இட்ட பெயர் அலக்நந்தா. பத்ரிநாத் யாத்திரை சென்று வந்த பெரியோர் அந்நதியிலே நீராடியிருப்பார்கள். கேதாரநாத்திலிருந்து வரும் மந்தாகினி ருத்ரபிரயாகையிலே அலக்நந்தாவோடு கலக்கிறது. இந்தியிலே நமது ஆகாயகங்கைக்கு மந்தாகினி என்று பெயர். ஆகவே மந்தாகினியின் உடன்பிறந்தாளுக்கு அலக்நந்தா என்ற பெயர் பொருத்தமே. இதைக் கேட்டு, இவையெல்லாம் புராணத்திலே அன்றே எழுதப்பட்டிருக்கின்றன என்று யாரும் கைதட்டவேண்டாம். பெயர் நம்முடையது, கணக்கு அந்த மாணவியினுடையது.

இனி ஐயா அவர்கள் துண்டையும் பென்சிலையும் எடுக்கலாம். அலக்நந்தாவை எப்படி நிறுத்தார்கள்? குறித்த ஒரு நிறத்தை மட்டும் உள்ளே விடும் வடிகட்டிகள் 21 கொண்டு எடுத்த படங்கள் அவர்களிடம் இருந்தன. ஒவ்வொரு நிறத்திலும் ஒளி எவ்வளவு என்று குறித்தார்கள். வழியிலே அலை ஐந்து மடங்காக நீண்டிருந்ததைக் கழித்தார்கள். மூக்குக்கண்ணாடியாக நின்ற கூட்டம் ஒளியை ஏறத்தாழ இரு மடங்காக்கியிருந்தது, அதைக் கழித்தார்கள். தூசிக்கு ஈடு கொடுத்தார்கள். இத்தனையும் முடிந்தபின் கிடைத்த விடை, விண்மீன்களின் திணிவு சூரியனைப்போற் சுமார் 1,000 கோடி மடங்கு. புதிதாகப் பிறப்பது ஆண்டொன்றுக்குச் சுமார் 60 சூரியன்.

இவ்விரு எண்களும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று நாமே பார்க்கலாம், மனக்கணக்குப் போதும். அம்மண்டலத்து விண்மீன்களில் ஏறத்தாழப் பாதி, அதற்கு முந்திய 20 கோடி ஆண்டுக்குள்ளே தோன்றியவை என்று அவர்கள் சொல்கிறார்கள். ஆண்டுக்கு 60 வீதம் 20 கோடி ஆண்டு பிறந்தால் 1,200 கோடி. பிறந்தவற்றுட் பெரியவை வெடித்து வாயுவைத் திருப்பிக் கொடுத்துவிடும். வேகமும் எப்போதும் 60 ஆக இருந்திராது. ஆகவே கணக்கு ஒரே அளவுக்குள்ளேதான் நிற்கிறது, கோணிப்போகவில்லை. நமது ஆகாயகங்கை இன்றைய வேகத்திலே அதே 1,000 கோடியைச் சேர்க்கவேண்டுமானால் குறைந்தது 500 கோடி ஆண்டு வேண்டும். அலக்நந்தா எவ்வளவு அவசரக்காரி என்று பாருங்கள்.

அவ்வளவு வேகம் பின்னர் எங்கே போயிற்று? பிரபஞ்சம் முழுவதிலும் விண்மீன் பிறப்பு, சுமார் 1,000 கோடி ஆண்டுக்கு முன்னர் உச்சத்துக்குப் போய், அதன்பின் பத்திலொரு பங்காக வீழ்ந்துவிட்டது. காரணத்தின் ஒரு பகுதியைக் கண்டவர்களும் அதே புனே மையத்தாரே. புனேயிலிருந்து வடக்கே கோடாட் என்ற கிராமத்தில், ஒவ்வொன்றும் 45 மீற்றர் அகலமுள்ள 30 கிண்ணங்கள் கொண்ட பெரிய வானொலித் தொலைகாட்டி இருக்கிறது. உதகைக்குப்பின் சுவரூப் அவர்கள் எழுப்பியது. தொலைவிலுள்ள ஒரு மண்டலத்தின் ஐதரசன் வாயு விடும் வானொலி அலை மிக மெல்லியது; தனியே கேட்காது. ஒரு கொழுந்தைத் தராசிலே இட்டால் முள் அசையுமா? அசையாது. அவர்கள் 7,653 மண்டலங்களின் மெல்லிய ஒலிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தார்கள்; முள் அசைந்தது. ஆதித்ய சௌதுரி, நிசிம் கனேகர், ஜெயராம் செங்களூர் ஆகியோர் சகாக்களுடன் 2020இல் வெளியிட்ட இந்தக் கணக்கின்படி, 800 கோடி ஆண்டுக்கு முந்திய அம்மண்டலங்களின் கையிருப்பு, அன்றைய செலவு வேகத்திலே 100 அல்லது 200 கோடி ஆண்டுக்கே காணும். வெளியிலிருந்து புதிய வாயு வந்து விழாவிட்டால் அடுப்பு அணையத்தானே வேண்டும்? மாதச் சம்பளம் பதினைந்தாம் தேதியே தீர்ந்துபோகும் வீடுகளிலே வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நேரம் கடந்துவிட்டதென்று தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். ஒன்று மட்டும் சொல்லி அமர்கிறோம். கார்த்திகை பிற்பகுதியிலோ மார்கழித் தொடக்கத்திலோ, மழை விட்ட ஒரு நாளில், முன்னிரவு ஏழு மணியளவிலே பாடசாலை மைதானத்துக்கு வாருங்கள். தெற்கு நோக்கி நின்று, பாதி உயரத்துக்குச் சற்று மேலே பாருங்கள். மேற்குப் பக்கமாகத் தனித்து ஒரு வெள்ளை விண்மீன் பிரகாசிக்கும். பொமல்ஹோட் என்று அதற்குப் பெயர். அதற்குக் கிழக்கே, அதே உயரத்தைச் சற்றொட்டி, விரலை நீட்டி விரித்த ஒரு சாண் தள்ளி, ஒன்றுமே இல்லாத கறுப்பு வெளி இருக்கிறது. ஏபெல் 2744 அங்கேதான். அதன் பின்னே அலக்நந்தா. கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் ஐயா, தராசு தொங்கும் இடத்தை நீங்கள் கேட்டீர்கள். விரலால் காட்ட நாம் அங்கே நிற்போம். துண்டிலே பிழை கண்டால் அங்கேயே கேளுங்கள்.